உருண்டைக்கு வளைகாப்பு

ஈரல்தீவில் ஆயுத பூஜை என்றால் ஒரு கருவியும் பொட்டில்லாமல் இருக்கக் கூடாது; கடைசல் எந்திரத்திலிருந்து கதவுத் தாழ்ப்பாள் வரை, தராசிலிருந்து தையல் ஊசி வரை, சிறைச்சாலைச் சாவிக்கொத்திலிருந்து தூக்குமேடை நெம்புகோல் வரை எல்லாவற்றையும் துடைத்து, சந்தனம் தொட்டு, குங்குமம் வைத்து, ஒரு சாண் பூவாவது சாத்திவிட வேண்டும், அன்று ஒதுக்கப்பட்ட கருவி அந்த வருஷம் முழுக்க முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்கும் என்பது அங்கே பிறந்தவர்களின் எண்ணம். அதனால்தான் அம்மிமலை அடிவாரத்தில், உரத் தொழிற்சாலை என்று பலகை மாட்டிய கட்டடத்தின் நிலவறையில், கடைசி அறையில், பஞ்சு மெத்தை போட்ட பீடத்தின் மேல் இருந்த உருண்டைக்கும் பூ சாத்த வேண்டியிருந்தது, அதைக் கடைந்தவள் என்பதால் அந்த வேலை அலர்மேலுக்கு வந்தது.

உருண்டை உரித்த தேங்காய் அளவுதான் இருந்தது, கனம் மட்டும் ஓர் ஆட்டுக்கல்லின் கனம். அம்மிமலையின் வயிற்றைப் பல வருஷம் தோண்டி, லாரி லாரியாக மண்ணை அரைத்து, கரைத்து, வடித்து, கடைசியில் கிடைத்த அந்த உலோகத்தை உலையில் உருக்கி ஊற்றியவன் அலர்மேலின் தம்பி திருமலைக்கொழுந்து. அதைச் சுற்றிப் பொருத்த வேண்டியவற்றையும் பொருத்திவிட்டால் அது அணுகுண்டாகிவிடும், அதன் பிறகு உலகத்தில் யாராலும் தன்னை நாற்காலியிலிருந்து இறக்க முடியாது என்று மார்ஷல் நம்பினார். தீவின் ஒவ்வொரு சுவரிலும் அவருடைய படம் இருந்தது, படத்துக்குக் கீழே ‘நாடே என் வீடு’ என்று எழுதியிருந்தது. உருண்டை இருந்த அறையிலும் பீடத்துக்கு நேர் மேலே அந்தப் படம் தொங்கியது.

பூச்சரம் உருண்டையின் மேல் நிற்கவில்லை. வைத்தால் வழுக்கியது, சுற்றினால் நழுவியது. அலர்மேலின் மனசும் அங்கே இல்லை. அதற்குச் சில வாரங்களுக்கு முன்னால்தான் தம்பியைப் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள். அவன் செய்த குற்றம் ஒரு விரல். கடலுக்கு அப்பாலிருந்து சோதனைக்கு வந்த இங்கிரிட் என்ற நெட்டையான அம்மாளிடம் எல்லாரும் உர மூட்டைகளைக் காட்டிக்கொண்டிருந்தபோது, அவளுக்கு இளநீர் கொடுக்கப் போன திருமலைக்கொழுந்து, கொடுத்த கையைத் திரும்ப எடுத்துக்கொள்ளும்போது ஆள்காட்டி விரலைத் தரையை நோக்கி, நிலவறை இருந்த பக்கமாக, ஒரு கணம் நீட்டினான். பார்த்த காவலாளி ஒருவன் போதும். தை பிறந்ததும் தூக்கு என்று தீர்ப்பாகியிருந்தது. தாய் தகப்பன் போன பிறகு அலர்மேல் கல்யாணம்கூட வேண்டாமென்று இடுப்பில் தூக்கி வளர்த்த பிள்ளை அவன்.

அதையே நினைத்துக்கொண்டிருந்த அவள், பூ நிற்கவில்லை என்றதும், பூஜைத் தட்டில் கிடந்த மஞ்சள் கயிற்றை எடுத்து, அதில் ஒரு விரலி மஞ்சளைக் கோத்து, உருண்டையைச் சுற்றிக் கட்டி, அதில் பூவைச் செருகினாள். கை தன் பழக்கத்துக்கு ஒரு முடிச்சு, இரண்டு முடிச்சு, மூன்று முடிச்சு என்று போட்டுவிட்டது.

பின்னால் தாம்பாளத்தோடு நின்றிருந்த சொர்ணக்கிளி மூச்சை இழுத்தாள். நிலவறையைத் துப்புரவு செய்யும் பெண்களுக்கு அவள்தான் தலைவி, ஐந்து பெற்றவள், வாய்க்குத் தாழ்ப்பாள் இல்லாதவள்.

“அடியே அலர்மேலு, என்னடி பண்ணிட்ட?”

“ஏன்க்கா, பூ நிக்கலையே.”

“பூ நிக்கலேன்னா தாலி கட்டுவியா? அதுவும் யாரு முன்னால?” என்று சொர்ணக்கிளி கண்ணால் மேலே காட்டினாள். மார்ஷல் சட்டகத்துக்குள்ளிருந்து மாப்பிள்ளை மாதிரி விறைப்பாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அறையிலிருந்த பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள், யாரோ ஒருத்தி பழக்கத்தில் அட்சதைகூடப் போட்டுவிட்டாள். பிறகு பொரிகடலையை வாங்கிக்கொண்டு எல்லாரும் வீட்டுக்குப் போனார்கள். கயிற்றை அவிழ்க்க யாருக்கும் தோன்றவில்லை. கட்டிய கயிற்றை அவிழ்க்கிற வழக்கம் அந்தத் தீவில் இல்லை.

கார்த்திகை பிறந்ததும் உருண்டை பெருக்க ஆரம்பித்தது. முதலில் அலர்மேல் அதை வெளியே சொல்லவில்லை. மயிரிழை சுத்தமாகக் கடைந்த உருண்டை, அளவுச் சட்டத்துக்குள் நுழைய மாட்டேன் என்றது. கண் தெரியாத அளவுக்கு அழுதுகொண்டு கடைந்ததில் தான்தான் தப்பு செய்துவிட்டோமோ, அதற்கும் சேர்த்துத் தம்பியைத்தான் தண்டிப்பார்களோ என்று அவள் பயந்தாள். அடுத்த வாரம் அது தேங்காய்க்குப் பெரிய அண்ணனாக இருந்தது, அதற்கடுத்த வாரம் சின்னப் பூசணி. மஞ்சள் கயிறு மட்டும் அறுந்துபோகாமல் அதனோடு நெகிழ்ந்துகொண்டே வந்தது. இனி மறைக்க முடியாது என்று ஆனபோது, தொழிற்சாலையின் தலைமை விஞ்ஞானி டாக்டர் ஞானசிகாமணியை அழைத்து வந்து காட்டினாள்.

“அளவுச் சட்டத்துல கோளாறு,” என்றார் அவர்.

“நேத்துதான் புதுசு மாத்தினோம் சார்.”

“அப்ப புதுசுல கோளாறு.”

வாளியும் துடைப்பமுமாக உள்ளே வந்த சொர்ணக்கிளி, யாரும் கேட்காமலே உருண்டையின் பக்கவாட்டில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். இடப்பக்கம் வெதுவெதுப்பு அதிகமாக இருந்தது. அறையில் பச்சை மாங்காய் வாசனை அடித்தது.

“இதுல கோளாறு ஒண்ணும் இல்லீங்க சார். முழுகாம இருக்கு.”

“அது உலோகம்மா!”

“இருக்கட்டுமே. கழுத்துல கயிறு ஏறியிருக்கில்ல.”

டாக்டர் கத்துவதற்கு வாயைத் திறந்தார், அப்போதுதான் மூலையிலிருந்த கதிர்வீச்சு மானியின் சத்தம் அவர் காதில் விழுந்தது. அந்தக் கருவி எப்போதும் தகரக் கூரையில் தூறல் விழுகிற மாதிரி, தாளம் இல்லாமல், தனக்குத் தோன்றிய நேரத்தில் தட்டிக்கொண்டிருக்கும். அவர் முப்பது வருஷமாக அந்தத் தூறலுக்குள் வாழ்ந்தவர். இப்போது அது தட்டியது தூறலாக இல்லை. ஒன்று கனமாக, ஒன்று இலேசாக, இரண்டிரண்டாக, விடாமல், ஒரே சீராகத் தட்டியது, அதற்குக் கீழே, மிக ஆழத்தில், இன்னொன்று அதைவிட வேகமாகத் தட்டியது. டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். அவருடைய மகள் அந்த வருஷம்தான் பிள்ளை பெற்றிருந்தாள். அவர் நெடுநேரம் நின்று கேட்டார், பிறகு மிகத் தாழ்ந்த குரலில், “இதுக்கு என்ன குடுக்கணும்?” என்று கேட்டார்.

“புளிப்பா ஏதாவது,” என்றாள் சொர்ணக்கிளி.

ஈரல்தீவில் ரகசியங்கள் மதியச் சாப்பாட்டு அடுக்குகளில்தான் பயணம் செய்தன. காலையில் தொழிற்சாலைக்கு மாங்காய்த் தொக்கு போனது, மாலையில் காலி அடுக்கோடு செய்தி திரும்பி வந்தது, மறுநாள் மீன் சந்தையில், அதற்கு மறுநாள் பட்டாளத்தார் குடியிருப்பில், வாரம் முடிவதற்குள் தீவின் கடைசிக் கலங்கரை விளக்கத்தில் எண்ணெய் ஊற்றுகிறவனுக்கு வரை தெரிந்துவிட்டது. ‘இது எப்படி நடந்தது?’ என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. ‘எத்தனாவது மாசம்?’ என்று மட்டும் கேட்டார்கள்.

பிறகு மாசமாக இருக்கிற வீட்டில் செய்யக் கூடாததை எல்லாம் செய்யாமல் விட்டார்கள். அப்படிப்பட்ட வீட்டில் மரம் வெட்ட மாட்டார்கள், கூரை பிரிக்க மாட்டார்கள், பூசணிக்காய் உடைக்க மாட்டார்கள், அடுப்படியில் பாம்பே வந்தாலும் அடிக்காமல் விளக்குமாற்றால் வழிகாட்டி வெளியே அனுப்புவார்கள், வீட்டு ஆண் முகம் மழிக்க மாட்டான், எந்த உயிருக்கும் எமனாக மாட்டான். எது அந்த வீடு என்பதில் தீவில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை, ஒவ்வொரு சுவரிலும்தான் எழுதி வைத்திருக்கிறதே. நாடே என் வீடு என்று மார்ஷல் சொல்லியிருக்கிறார், அவர் வீட்டில் ஒருத்தி வாயும் வயிறுமாக இருக்கிறாள், அப்படியென்றால் வடக்கு முனையிலிருந்து தெற்கு முனை வரை எல்லாம் அந்த வீடுதான். மரம் வெட்டுகிறவர்கள் கோடாரிகளைக் கழுவிப் பரணில் போட்டார்கள். போலீஸ்காரர்கள் லத்திகளைக் கொண்டுபோய்க் கொடியடுப்புக்கு மேல் செருகினார்கள். அலறலை வெளியே விடாத மஞ்சள் கட்டடத்தில், விசாரணை அதிகாரிகள் கைதிகளின் கட்டை அவிழ்த்து, டீ வாங்கிக் கொடுத்து, “குழந்தை பொறக்கட்டும்ணே, அப்புறம் பேசிக்கலாம்,” என்று சொல்லிவிட்டுத் தாயக் கட்டை உருட்டினார்கள்.

தை பிறந்தது. தூக்கிலிடுகிற மாசானமுத்து வெற்றிலை பாக்கு, பூ, பழத்தோடு அரண்மனைக்குப் போனான். பரம்பரையாக அந்த வேலை செய்கிறவன். மார்ஷலிடம் நேரே பேச அனுமதி உள்ள வெகு சிலரில் ஒருவன்.

“ஐயா வீட்ல விசேஷம்னு கேள்விப்பட்டேங்க,” என்றான்.

“என்ன விசேஷம்?” என்றார் மார்ஷல். தீவில் அவருக்கு மட்டும்தான் யாரும் சொல்லத் துணியாமல் இருந்தார்கள்.

மாசானமுத்து சொன்னான். சொல்லிவிட்டு, “கயிறு திரிக்க உக்காந்தா கை வர மாட்டேங்குதுங்க ஐயா. ஐயாவோட வாரிசுக்கு எங்கையால ஒரு குறை வந்துடக் கூடாது. பொறக்குற வரைக்கும் எனக்கு லீவு குடுங்க,” என்று நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான். அத்தனை பணிவான மறுப்பை எந்தச் சட்டத்தின் கீழ் தண்டிப்பது என்று மார்ஷலுக்குத் தெரியவில்லை.

அன்று மத்தியானமே அவர் தொழிற்சாலைக்கு வந்தார். அலர்மேல் அவரை முதல் தடவையாகப் பக்கத்தில் பார்த்தாள். படங்களில்தான் உயரம். நேரில் அவள் தோளுக்குத்தான் இருந்தார், காதோரத்தில் சாயம் ஏறாத நரை இருந்தது. மூன்று கல்யாணம் செய்தும் அவருக்குப் பிள்ளை இல்லை என்பது தீவில் எல்லாருக்கும் தெரியும், யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

உருண்டை அப்போது நடுத்தரமான ஒரு தண்ணீர்க் குடம் அளவுக்கு வந்திருந்தது. நிறம் ஈயத்திலிருந்து மெல்ல மெல்ல, வெயில் படாத தோலின் நிறத்துக்கு மாறிக்கொண்டிருந்தது. மார்ஷல் அதைச் சுற்றி ஒரு நடை நடந்தார். கயிற்றைப் பார்த்தார்.

“யார் கட்டினது?”

“நான்தாங்க,” என்றாள் அலர்மேல்.

“யார் பேர்ல?”

அவள் சொர்ணக்கிளியைத் திரும்பிப் பார்த்தாள். சொர்ணக்கிளி முந்தானையைத் தோளில் இழுத்துவிட்டுக்கொண்டு, தலையைக் குனிந்தபடி, ஒரு கையால் சுவரில் தொங்கிய படத்தைக் காட்டினாள்.

மார்ஷல் தன் படத்தைத் தானே அண்ணாந்து பார்த்தார். பிறகு தொப்பியைக் கழற்றிப் பக்கத்திலிருந்த தளபதியிடம் கொடுத்துவிட்டு, மண்டியிட்டு, காதை உருண்டையின் மேல் வைத்தார். அவருடைய முகம் முதலில் சந்தேகப்பட்டது, பிறகு பயந்தது, பிறகு இருந்த முகமெல்லாம் உதிர்ந்து, ஏதோ ஓர் ஊரில் ஏதோ ஒரு வாசலில் நின்று பிரசவ அறைக் கதவையே பார்த்துக்கொண்டிருக்கும் எந்த மனிதனின் முகமாகவும் ஆனது. உள்ளிருந்து ஏதோ ஒன்று, மெதுவாக, அவர் கன்னத்தை உதைத்தது. அதை அறையிலிருந்த எல்லாரும் பார்த்தார்கள்.

அவர் எழுந்தபோது அலர்மேல் காலில் விழுந்தாள். “என் தம்பிங்க ஐயா. விவரம் தெரியாம விரல நீட்டிட்டான். விட்டுடுங்க.”

“பிள்ளை பிறக்கிற வரைக்கும் உன் தம்பிக்கு ஆயுசு,” என்றார் மார்ஷல். குரல் பழைய குரலாகிவிட்டிருந்தது. “பிறந்த செய்தி வந்த அன்றைக்கு அவனுக்குத் தூக்கு, தாய்க்காரியைச் சோதனைத் தீவுக்குக் கொண்டுபோய் வெடித்துக் காட்டுவோம். எனக்குப் பிள்ளையும் வேணும், குண்டும் வேணும்.”

அதைக் கேட்டபோது மானி ஒரு துடிப்பு தவறியது. அலர்மேல் மட்டும்தான் அதைக் கவனித்தாள்.

கடலுக்கு அப்பாலிருந்த நாடுகள் அதற்கு முன்பே தங்களுக்குத் தெரிந்ததை எல்லாம் செய்து பார்த்துவிட்டிருந்தன. சர்க்கரையும் மண்ணெண்ணெயும் ஏற்றி வந்த கப்பல்களைத் தடுத்து நிறுத்தினார்கள். மார்ஷலின் காப்பியில் சர்க்கரை குறையவில்லை, மற்றவர்கள் கருப்பட்டிக்கு மாறினார்கள். குண்டை விட்டுவிட்டால் கோதுமை தருகிறோம் என்றார்கள். கோதுமையை வாங்கிப் பட்டாளத்துக்குக் கொடுத்துவிட்டுக் குண்டை வைத்துக்கொண்டார். தலைக்கு மேல் விமானங்களைப் பறக்கவிட்டார்கள். பார்த்தீர்களா, இதற்காகத்தான் குண்டு வேண்டும் என்று அவர் மக்களுக்கு அண்ணாந்து காட்டினார். உங்கள் மேல் கைவைக்க மாட்டோம் என்று சத்தியம் செய்தார்கள். அவர் சிரித்தார், ஏனென்றால் அவர் பயந்தது கடலுக்கு அப்பால் இருந்தவர்களுக்கு அல்ல, ரேஷன் கடை வரிசையில் தலைகுனிந்து நின்றவர்களுக்கு. இப்போதோ அவர் தகப்பனாகவும் ஆகிவிட்டதால், பிள்ளையைப் பறிக்க வருகிறார்கள் என்று பீரங்கிகளை எல்லாம் கடல் பக்கம் திருப்பி வைத்தார், கடலில் கப்பல்கள் கூடின. அந்த விரலைப் பார்த்த நாளிலிருந்து துறைமுக விருந்தினர் மாளிகையில் காவலில் வைக்கப்பட்டிருந்த இங்கிரிட், ஜன்னல் வழியாக, தாம்பாளங்களில் பூவும் பழமும் ஏந்திய பெண்கள் வரிசை வரிசையாக உரத் தொழிற்சாலைக்குப் போவதைப் பார்த்துக் காவலாளியிடம் கேட்டாள்.

“அதுவாம்மா, எங்க குண்டு மாசமா இருக்கு,” என்றான் அவன். அவள் தன் கையடக்க அகராதியை மூன்று தடவை புரட்டினாள், பிறகு அதை மூடிவிட்டுத் தானும் ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கிவரச் சொன்னாள்.

அலர்மேலுக்கு அந்த மாதங்களில் சோறு இறங்கவில்லை. உருண்டை பெருக்கப் பெருக்கத் தம்பியின் நாள் சுருங்கியது. அவள் கட்டிய கயிறு இரண்டு பேருக்கும் சேர்த்துக் கட்டியதாக ஆகிவிட்டது. காலையில் போனதும் மானியின் பக்கத்தில் உட்கார்ந்து, இன்னும் கொஞ்ச நாள் இரு தாயே, அவசரப்படாதே தாயே என்று கெஞ்சுவாள். சில நாட்களில் அவளுடைய நெஞ்சும் உருண்டையும் ஒரே தாளத்தில் அடிக்கும், எது எதனுடையது என்று அவளுக்கே தெரியாது.

பங்குனியில் வளைகாப்பு வைத்தார்கள். மார்ஷல் தானே நாள் குறித்தார், மழிக்காத தாடியோடு, பட்டு வேட்டியில் வந்து உட்கார்ந்தார். நிலவறை கொள்ளாது என்று உருண்டையைத் தொழிற்சாலை முற்றத்தில், வாழைமரம் கட்டிய பந்தலில் வைத்திருந்தார்கள். நெற்குதிர் போல அது நிமிர்ந்திருந்தது. ஐந்து வகைச் சோறு அண்டா அண்டாவாக நின்றது. தீவின் பெண்கள் எல்லாரும் வந்தார்கள், ஒவ்வொருத்தி கையிலும் ஒரு ஜோடிக் கண்ணாடி வளையல். சந்தனம் பூசி, குங்குமம் வைத்த பிறகுதான், கை இல்லாத உடம்புக்கு வளையலை எங்கே போடுவது என்ற கேள்வி வந்தது. அலர்மேல் முதல் வளையலை எடுத்து, எங்கே என்று தெரியாமல், உருண்டையின் தோளென்று தோன்றிய இடத்தில் வைத்தாள். வைத்த இடத்தில் அது விழாமல் நின்றது. பிறகு தானாக மெல்ல நகர்ந்து, விரிந்து, இடுப்பளவில் போய்ப் படிந்தது. பச்சையும் சிவப்புமாக அடுத்தடுத்து வைத்த வளையல்கள் எல்லாம் அப்படியே நகர்ந்து, விரிந்து, படிந்து, துடிப்புக்குத் துடிப்பு ஒலித்தன, ஆயிரம் ஆயிரம் வளையல்கள் ஒரே மூச்சில் கலகலத்து அடங்கிக் கலகலத்து அடங்கின, கடலில் நின்ற கப்பல்களில் மாலுமிகள் மழை வருகிறதென்று தளத்தில் காயப்போட்ட துணிகளை எடுத்தார்கள்.

அந்தச் சத்தத்துக்கு நடுவில்தான் அலர்மேலுக்கு அது தோன்றியது. தோன்றியதும், இத்தனை நாள் ஏன் தோன்றவில்லை என்று அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. அவள் கைகட்டி மார்ஷல் முன்னால் போய் நின்றாள்.

“ஐயா, வளைகாப்பு முடிஞ்சிது. தாய் வீட்டுக்கு அனுப்பணுமே.”

“எந்தத் தாய் வீடு?”

“அம்மிமலைங்க. அது வயித்துலேருந்துதானே எடுத்தோம்.”

மார்ஷல் சிரித்தார். “மலைக் குகையிலயா பிறக்கணும்? இங்கேயே பிறக்கட்டும். டாக்டர் இருக்கார்.”

“தலைப்பிரசவம்ங்க ஐயா,” என்றாள் சொர்ணக்கிளி. பின்னாலிருந்த பெண்கள் எல்லாரும், “தலைப்பிரசவமாச்சே,” என்று ஒருத்திக்கொருத்தி சொல்லிக்கொண்டார்கள், அந்த முணுமுணுப்பு பந்தலைத் தாண்டித் தெருவுக்குப் போய், தெருவைத் தாண்டிச் சந்தைக்குப் போய்த் திரும்பி வந்தது. “தலைப்பிரசவத்துக்குப் பொண்டாட்டியைத் தாய் வீட்டுக்கு அனுப்பாத ஆம்பளையை என்னன்னு சொல்வாங்க? சோத்துக்கு இல்லாதவன்கூட கடன் வாங்கியாவது அனுப்புவானே. எங்க ஐயாவுக்கு அந்தப் பேரு வரலாமா?”

“முடியாது,” என்றார் மார்ஷல்.

வளையல்கள் நின்றன. ஒலி நின்றபோதுதான் அது எத்தனை பெரிதாக இருந்தது என்று எல்லாருக்கும் தெரிந்தது. மானியும் நின்றது. பந்தலில் கட்டியிருந்த மாவிலைகூட ஆடவில்லை. டாக்டர் ஞானசிகாமணி மானியைத் தட்டிப் பார்த்தார், குனிந்து காது வைத்தார், நிமிர்ந்து மார்ஷலைப் பார்த்தார். மார்ஷல் எழுந்து உருண்டையிடம் போய், யாருக்கும் கேட்கக் கூடாதென்று மிகவும் குனிந்து ஏதோ சொன்னார். எதுவும் அசையவில்லை. கடைசியில், உரக்க, எல்லாரும் கேட்கும்படி, “சரி, போயிட்டு வா,” என்றார்.

ஒரு வளையல் ஒலித்தது. பிறகு எல்லாம்.

“யார் வந்து கூட்டிக்கிட்டுப் போகணும்?” என்று அவர் களைத்துப்போய்க் கேட்டார்.

“கூடப் பொறந்தவன்தாங்க,” என்றாள் அலர்மேல். “உலையில ஊத்தி உருவாக்குனவன் அண்ணன் முறைதானே. அவன் ஜெயில்ல இருக்கான்.”

தான் எங்கே வந்து நிற்கிறோம் என்று மார்ஷலுக்குப் புரிந்திருந்தது, ஆனால் பின்னால் போக வழியில்லை, பின்னால் முழுக்க வளையல் சத்தமாக இருந்தது.

அன்று சாயங்காலமே திருமலைக்கொழுந்தைக் கொண்டுவந்தார்கள். முட்டி எலும்புகள் தெரிய இளைத்திருந்தான். புது வேட்டி கொடுத்து, தலையில் துண்டு கட்டி, கையில் வெற்றிலைத் தட்டைக் கொடுத்ததும் அக்காவைப் பார்த்துச் சிரித்தான்.

“அக்கா, ஒரு விரல நீட்டினதுக்கு எவ்வளவு பெரிய சம்பந்தம் பண்ணி வச்சிருக்க.”

“வாயை மூடிட்டு நட. பள்ளம் பாத்து நட,” என்றாள் அலர்மேல். சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டாள்.

வைக்கோல் பரப்பிய லாரியில் உருண்டையை ஏற்றி, மனித நடை வேகத்துக்கு மேல் போகாமல், மேடு பள்ளம் வந்த இடத்திலெல்லாம் ஆண்கள் முந்திக்கொண்டு ஓடி மண் போட்டு நிரப்ப, சிறைக் காவலர்கள் குடை பிடிக்க, மாசானமுத்து தூக்குக் கயிற்றால் வண்டியில் தொட்டில் கட்டிக்கொண்டு முன்னால் உட்கார, தீவு முழுவதும் பின்னால் நடந்தது. இங்கிரிட்டும் நடந்தாள், யாரும் தடுக்கவில்லை. மலையடிவாரத்தில் சுரங்க வேலை செய்பவர்களின் மனைவிகள் ஆரத்தி எடுத்தார்கள். எந்த வாயிலிருந்து மண்ணாக வெளியே வந்ததோ அந்த வாய்க்குள் உருண்டை இறங்கியபோது, மலை ஒரு பெருமூச்சு விட்டது. புழுதி வாசனையோடு குளிர்ந்த காற்று எல்லாருடைய முகத்திலும் பட்டது.

இரும்புக் கதவை இழுத்து மூடியதும் இங்கிரிட் தயங்கித் தயங்கித் தன் பையிலிருந்து கம்பியும் ஈயமுமான, கதவைத் திறந்தால் காட்டிக்கொடுத்துவிடும் சின்ன முத்திரையை எடுத்தாள். மார்ஷலின் தளபதிகள் முன்னால் பாய்ந்தார்கள். சொர்ணக்கிளி இடுப்பில் கைவைத்துக் குறுக்கே நின்றாள்.

“பிரசவ அறைங்க. ஆம்பளைங்க யாரும் உள்ள போகக் கூடாதில்ல? அந்தம்மாவே பூட்டட்டும்.”

தளபதிகள் மார்ஷலைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். இங்கிரிட் முத்திரை வைத்தாள், அதன் பக்கத்தில் சொர்ணக்கிளி ஒரு கொத்து வேப்பிலை செருகினாள்.

“எப்ப பிறக்கும்?” என்று மார்ஷல் அலர்மேலைக் கேட்டார்.

“யானைக்கே ரெண்டு வருஷம் ஆகுதுங்க ஐயா. இது மலையோட மக. மலைக் கணக்குதான்.”

அதன் பிறகு வருஷங்கள் போயின. கப்பல்கள் ஒன்றொன்றாகத் திரும்பிப் போயின, சர்க்கரை வந்தது, இங்கிரிட் வருஷத்துக்கு ஒரு தடவை வந்து முத்திரையைத் தடவிப் பார்த்துவிட்டு, சொர்ணக்கிளி வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போனாள். அலர்மேலும் திருமலைக்கொழுந்தும் சுரங்க வாயிலில் ஓட்டு வீடு கட்டிக்கொண்டு இருந்தார்கள், பிறந்த வீட்டுக்காரர்கள் அங்கேதானே இருக்க வேண்டும். தாடி முழங்காலைத் தொட்ட மார்ஷல் அரண்மனையிலிருந்து தினமும் காலையில் தொலைபேசியில் கூப்பிடுவார். செய்தி உண்டா என்பார். இன்னும் இல்லீங்க அத்தான் என்பான் திருமலைக்கொழுந்து. தங்கை புருஷனானாலும் வயதில் மூத்தவரை வேறெப்படிக் கூப்பிடுவது? அந்தப் பதில் வந்த ஒவ்வொரு நாளும் தீவில் யாரும் யாரையும் கொல்ல முடியாத இன்னொரு நாளாக இருந்தது, அந்த நாட்களில் ரேஷன் வரிசையில் நின்றவர்கள் மெல்ல மெல்லத் தலை நிமிர்ந்து பேசப் பழகினார்கள்.

மழை பெய்து ஓய்ந்த ஒரு விடியலில் அலர்மேல் வாசல் தெளித்துக்கொண்டிருந்தாள். கதவுக்குப் பின்னால், மலையின் ஆழத்தில், வளையல்கள் ஒரே சமயத்தில் குலுங்கி நின்றன. பிறகு ஓர் அழுகை கேட்டது. சின்னது, ஈரமானது, கோபமானது, சந்தேகப்பட வழியே இல்லாதது.

வாளி கையிலிருந்து நழுவியது. திருமலைக்கொழுந்து தூக்கத்திலிருந்து எழுந்து ஓடி வந்து அவள் பக்கத்தில் நின்றான். இரண்டு பேரும் கதவில் உள்ளங்கைகளை வைத்தார்கள். இரும்பு வெதுவெதுப்பாக இருந்தது. முத்திரை அப்படியே இருந்தது, வேப்பிலை அப்படியே பச்சையாக இருந்தது. உள்ளே அழுகை மெல்ல விம்மலாகி, எதையோ சப்புகிற சத்தமாகி ஓய்ந்தது.

“பசிக்குது போல,” என்றாள் அலர்மேல்.

அவள் உள்ளே போய், அப்போதுதான் கறந்த பாலை ஒரு தம்ளரில் ஊற்றி வந்து, கதவுக்கும் தரைக்கும் நடுவிலிருந்த இடுக்கின் பக்கம் வைத்தாள். வீட்டுக்குள் தொலைபேசி அடித்தது. தம்பி அவளைப் பார்த்தான். முப்பது வயதைத் தாண்டிய முகத்தில், அவள் இடுப்பில் இருந்த காலத்துப் பயம் அப்படியே இருந்தது. அவள் அவனைப் பார்த்து இலேசாகத் தலையை ஆட்டினாள், வேண்டாம் என்று.

அவன் போய் எடுத்தான்.

“செய்தி உண்டா?” என்றது கிழட்டுக் குரல்.

அவள் குனிந்து பார்த்தாள். தம்ளர் காலியாக இருந்தது, அடியில் ஒரு துளி பால், விளிம்பில் ஒரு சின்ன வாயின் ஈரம்.

“இன்னும் இல்லீங்க அத்தான்,” என்றான் திருமலைக்கொழுந்து.